கேக் மிக்ஸா, மைதாவா? சண்டைக்கு முன் திருத்திக்கொள்ள வேண்டியவை

"மிக்ஸில் செய்தால் மெத்தென்று வருகிறது, மைதாவில் செய்தால் வறண்டுபோய் நடுவில் வெடிக்கிறது." புதிதாக ஓவன் வாங்கியவர்கள் வரிசையாக வந்து சொல்லும் புகார் இது. மிக்ஸ் என்பது மைதா, சர்க்கரை, பேக்கிங் பவுடர் எல்லாம் கலந்தே வரும் கடைப் பாக்கெட். இதைக் கேட்டு மிக்ஸ்தான் உசத்தி என்று ஒரு கட்சி, மிக்ஸ் முழுக்க ரசாயனம் என்று எதிர்க்கட்சி. அந்த மைதா கேக் ஏன் வறண்டது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஓவனைச் சூடேற்றாமல் வைப்பது, பாதியில் கதவைத் திறப்பது போன்றவற்றை எல்லாரும் எழுதிவிட்டார்கள். அவை இங்கே இல்லை.

கப்பில் மைதா அளப்பது

இதைத்தான் எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை.

குறிப்பில் 2 கப் மைதா என்று இருக்கிறது. எழுதியவர் கணக்கில் கப்புக்கு 125 கிராம், மொத்தம் 250. புதியவர் கப்பை டப்பாவுக்குள் விட்டு அள்ளி, தட்டி, அமுக்கி நிரப்புகிறார். அப்படி அள்ளினால் கப்புக்கு 150 கிராம் வரை ஏறும். மொத்தம் 300. தயிரும் எண்ணெயும் அதே அளவுதான். மாவு மட்டும் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டது. கலவை கெட்டிப்படும். ஓவனில் மேல்புறம் முதலில் இறுகிவிட, உள்ளே இருப்பது எழும்ப வழியில்லாமல் நடுவில் பிளந்துகொண்டு வரும்.

அடுத்த முறை "எழும்பவில்லையே" என்று அரை ஸ்பூன் பேக்கிங் பவுடர் கூடுதலாகப் போடுவார்கள். காற்றுக் குமிழிகள் வேகமாகப் பெருகி, கேக் வேகும் முன்பே உடைந்து நடு அமுங்கும். மூன்றாவது முறை மிக்ஸ் வாங்குவார்கள். அது நன்றாக வரும். வராமல் என்ன? மைதா, சர்க்கரை, பேக்கிங் பவுடர் எல்லாவற்றையும் தொழிற்சாலையில் நிறுத்துப் போட்டிருக்கிறார்கள். ஜெயித்தது பெரும்பாலும் மிக்ஸ் அல்ல, தராசு.

கப் என்பதும் ஒரே அளவு கிடையாது. அமெரிக்கக் குறிப்புகளில் சுமார் 240 மில்லி, ஆஸ்திரேலியக் குறிப்புகளில் 250. வீட்டு டம்ளர் எதிலும் சேராது. சர்க்கரையில் இன்னொரு வம்பு. 1 கப் சர்க்கரை 200 கிராம். மிக்ஸியில் பொடித்த பிறகு அதே கப்பில் அளந்தால் ஏறக்குறைய 120தான். பாதிப் பேர் பொடித்துவிட்டுத்தான் அளக்கிறார்கள். இனிப்பு மட்டுமல்ல, ஈரத்தன்மையும் போய்விடும். அமெரிக்கக் குறிப்பில் 'ஒரு ஸ்டிக் வெண்ணெய்' என்பது 113 கிராம், நம் 100 கிராம் பாக்கெட் அல்ல. உப்பு வெண்ணெயாக இருந்தால் தனியாக உப்பு வேண்டாம்.

சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் தராசு கிடைக்கிறது. பாத்திரத்தை வைத்து, பூஜ்யமாக்கி, ஒவ்வொன்றாகக் கொட்டினால் கழுவும் கப்கூட மிச்சம். சமையல் சோடாவுக்கும் பேக்கிங் பவுடருக்கும் மட்டும் 5 மில்லி அளவு ஸ்பூனே சரி; வீட்டுத் தராசு ஓரிரு கிராமைத் துல்லியமாகக் காட்டாது.

இதற்குப் பிறகும் மிக்ஸ் கேக் கொஞ்சம் கூடுதல் மென்மையாகத்தான் இருக்கும். லேபிளில் 471, 477 என்று எண்கள் இருந்தால் அவை எமல்சிஃபையர்கள், அதாவது எண்ணெயையும் நீரையும் பிரியாமல் சேர்த்துப் பிடிப்பவை. காற்றைப் பிடித்து வைப்பதில் அவற்றோடு வெண்ணெயால் போட்டி போட முடியாது. ஒரே மாதிரி அடுக்குகள் வேண்டிய பிறந்தநாள் ஆர்டருக்கு மிக்ஸ் எடுப்பதில் எந்தக் குற்றமும் இல்லை. வெண்ணெய் மணமே பிரதானமான கேக்குக்கு எடுத்தால்தான் நஷ்டம்.

மிக்ஸை மைதாவாக நினைப்பது

மைதா தீர்ந்துவிட்டது என்று அதே எடைக்கு மிக்ஸைப் போட்டு, குறிப்பிலுள்ள சர்க்கரையையும் பேக்கிங் பவுடரையும் சேர்ப்பவர்கள் உண்டு. மிக்ஸில் அவை ஏற்கெனவே இருக்கின்றன. சர்க்கரை அளவு மீறினால் மாவும் முட்டையும் இறுகுவது தாமதமாகும். ஓரம் சிவந்த பிறகும் நடு களியாகவே கிடக்கும்.

மிக்ஸை 'மேம்படுத்துவது'

தண்ணீருக்குப் பதில் பால் ஊற்றலாம். எண்ணெய்க்குப் பதில் உருக்கிய வெண்ணெய் ஊற்றினால் மணம் வரும், ஆனால் ஃபிரிட்ஜில் வைத்தால் கேக் இறுகும். முட்டை இல்லாத மிக்ஸில் முட்டை உடைத்து ஊற்றாதீர்கள்; அதன் நீர்க்கணக்கே வேறு.

முட்டை என்றதும் ஒரு கதை சுற்றுகிறது: இல்லத்தரசிகளின் குற்ற உணர்ச்சியைத் தீர்க்க 1950களில் ஒரு உளவியலாளர் யோசனை சொன்ன பிறகுதான் மிக்ஸில் முட்டை சேர்க்கும் வழக்கம் வந்தது என்று. ஆனால் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கின் டஃப் நிறுவனம் வீட்டிலேயே புது முட்டை சேர்க்கும் மிக்ஸுக்கு 1930களிலேயே காப்புரிமை வாங்கிவிட்டது. முட்டைப்பொடி போட்டதைவிடப் புது முட்டையில் கேக் நன்றாக வரும் என்பது சமையலறைக் காரணம்தான்.

அடிக்கும் முறையைக் குழப்புவது

எமல்சிஃபையர் உள்ள மிக்ஸைப் பாக்கெட் சொல்லும் இரண்டு, மூன்று நிமிடம் பீட்டரில் அடித்தே ஆக வேண்டும். காற்று அப்போதுதான் ஏறும். மைதா கேக்கில் அடிக்கும் வேலையெல்லாம் வெண்ணெய், சர்க்கரையோடு முடிந்துவிட வேண்டும். மைதா விழுந்த பிறகு வறட்டு மாவு மறையும் வரை மடித்துக் கலந்தால் போதும். அதற்கு மேல் அடித்தால் மைதாவின் பசைப் புரதமான குளூட்டன் இழுபடும், கேக் ரப்பர் மாதிரி ஆகும்.

புளிப்பு இல்லாத குறிப்பில் சோடா

சோப்பு வாடை வரும்.

திறந்து வைத்த பாக்கெட்

மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் உள்ளிருக்கும் பேக்கிங் பவுடர் பாக்கெட்டுக்குள்ளேயே செத்துவிடும். கட்டி தட்டியதைச் சலித்துக் காப்பாற்ற முடியாது. கொட்டிவிடுங்கள்.

ஆறாத கேக்கில் கிரீம்

வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மிக்ஸ் தேடுவது

இலங்கை லவ் கேக்குக்கு ஸ்பாஞ்ச் மிக்ஸ் உதவாது. அதன் உடம்பே ரவையும் நறுக்கிய முந்திரியும்தான். பாகில் ஊறிய நீற்றுப்பூசணியும் பன்னீரும் (ரோஜா நீர்) சேரும். அது எழும்பி நிற்க வேண்டிய கேக்கே அல்ல.