எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு கர்ப்பம்: சின்ன வயிற்றில் போதுமான சத்தைச் சேர்ப்பது எப்படி?

கர்ப்பம் என்று தெரிந்ததும் சுற்றியிருப்பவர்கள் சொல்லும் முதல் அறிவுரை, "இனிமே ரெண்டு பேருக்குச் சேத்துச் சாப்பிடணும்." பேரியாட்ரிக் சிகிச்சை, அதாவது எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு இது நடக்காத காரியம். நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறவரிடம் அளவைக் கூட்டச் சொல்லிப் பயனில்லை. எதை முதலில் சாப்பிடுவது, எந்த மாத்திரையை எப்போது போடுவது என்பதில்தான் கவனம் வேண்டும்.

ஸ்லீவ் சிகிச்சையில் இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்துவிடுவதால் அமிலம் குறைகிறது. பி12 வைட்டமினை உடல் ஏற்கத் தேவையான பொருளும் குறைகிறது. இரைப்பை பைபாஸில் (இதய பைபாஸ் அல்ல) உணவு சிறுகுடலின் முதல் பகுதியைத் தொடாமலே கீழே போய்விடுகிறது. இரும்பும் கால்சியமும் பெரும்பாலும் உறிஞ்சப்படுவது அந்தப் பகுதியில்தான். அதனால் நன்றாகச் சாப்பிட்டும் சத்துக் குறைய வாய்ப்பு உண்டு. அது உங்கள் தவறு இல்லை.

படி 1: கருத்தரிக்கும் முன்பே தொடங்குங்கள்

சிகிச்சைக்குப் பிறகு 12 முதல் 18 மாதங்களாவது காத்திருக்கச் சொல்வார்கள். எடை வேகமாக இறங்கும் காலம் முடிந்து உடல் நிலைப்பட அந்த அவகாசம் தேவை. எடை குறைந்ததும் மாதவிடாய் சீராகி, எதிர்பாராமல் கரு தங்குவதும் நடக்கும். பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம் என்பதால் வேறு முறையை மருத்துவரிடம் கேளுங்கள். ஒருவேளை சீக்கிரமே கரு தங்கிவிட்டால் பயப்பட வேண்டாம். மகப்பேறு மருத்துவரிடமும் அறுவை சிகிச்சை செய்த குழுவிடமும் உடனே சொல்லிவிடுங்கள். கண்காணிப்பை நெருக்கமாக்கிக்கொள்வார்கள்.

இந்தக் கட்டத்தில் முக்கியமான வேலைகள் இரண்டு. ஒன்று ஃபோலிக் அமிலம். கருத்தரிக்கும் முன்பிருந்து முதல் 12 வாரம் வரை தினமும் குறைந்தது 400 மைக்ரோகிராம் தேவை. பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் குறியீடு) 30-க்கு மேல் இருந்தாலோ சர்க்கரை நோய் இருந்தாலோ மருத்துவர் 4 அல்லது 5 மில்லிகிராம் தரக்கூடும். அதை நீங்களாகக் கூட்டிக்கொள்ள வேண்டாம். பி12 குறைபாட்டை அது மறைத்துவிடும் என்பதால் பி12 அளவையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

இன்னொன்று வைட்டமின் ஏ. சிகிச்சைக்குப் பிறகு தரப்படும் சில மல்டிவைட்டமின்களில் இது ரெட்டினால் வடிவில் இருக்கும். அளவு கூடினால் கருவுக்குக் கெடுதல். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 'ரெட்டினால்', 'ரெட்டினைல் பால்மிடேட்', 'ரெட்டினைல் அசிடேட்' என்று போட்டிருந்தால் மருத்துவரிடம் காட்டி, பீட்டா கரோட்டின் உள்ளதாக மாற்றிக்கொள்ளுங்கள். பழையதை நிறுத்திவிட்டு எதுவும் போடாமல் இருப்பதும் ஆபத்துதான்.

படி 2: மாத்திரைகளுக்கு ஒரு கால அட்டவணை

என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். நல்ல மாத்திரைகளை வாங்கி, எல்லாவற்றையும் ஒரே கையளவில் விழுங்கினால் பாதிப் பலன் போய்விடும். கால்சியம் இரும்பைத் தடுக்கும். டீயும் காபியும் இரும்பைத் தடுக்கும். கால்சியத்தை ஒரே வேளையில் 500 மி.கி.க்கு மேல் போட்டால் மிச்சம் அவ்வளவாகச் சேராது.

ஒரு நாளை இப்படிப் பிரிக்கலாம். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு மல்டிவைட்டமின். அதற்கு இரண்டு மணி நேரமாவது கழித்து, முற்பகலில் ஒரு கால்சியம். மாலையில் இன்னொரு கால்சியம். இரவு படுக்கும் முன் இரும்பு மாத்திரை, கூடவே வைட்டமின் சி உள்ள ஏதாவது ஒரு பழத்துண்டு. இரும்பு வயிற்றைப் புரட்டினால் நேரத்தை மாற்றிப் பாருங்கள். ஆனால் கால்சியத்துக்கும் அதற்கும் நடுவே அந்த இரண்டு மணி நேர இடைவெளியை விட்டுவிடாதீர்கள். கைபேசியில் அலாரம் வைத்துக்கொண்டால் ஞாபகத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை.

ஒரு நாளைக்கான அளவுகள் பொதுவாக இப்படி இருக்கும்: இரும்பு 45 முதல் 60 மி.கி., கால்சியம் உணவோடு சேர்த்து 1200 முதல் 1500 மி.கி., வைட்டமின் டி 1000 ஐ.யு.வுக்குக் குறையாமல். பி12 என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, அல்லது தினமும் 1 மி.கி. மாத்திரை. துத்தநாகம், தாமிரம், செலினியம் எல்லாம் மல்டிவைட்டமினிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். மிட்டாய் மாதிரி மெல்லும் 'கம்மி' (gummy) வகைகளில் பெரும்பாலும் இரும்பு இருக்காது. அவற்றை மட்டும் நம்ப வேண்டாம்.

லேபிளில் ஒரு குழப்பம் வரும். 'ஃபெரஸ் சல்பேட் 200 மி.கி.' என்று போட்டிருந்தால், அதில் உள்ள இரும்பு சுமார் 65 மி.கி.தான். கால்சியம் சிட்ரேட் 1000 மி.கி. என்றால் கால்சியம் சுமார் 210 மி.கி. மருத்துவர் சொல்வது உள்ளே இருக்கும் சத்தின் அளவை. பெரிய எழுத்தில் இருப்பது முழு உப்பின் எடையாக இருக்கலாம். கால்சியத்தில் சிட்ரேட் வகையைக் கேட்டு வாங்குங்கள். கார்பனேட் கரைய அமிலம் வேண்டும், சிட்ரேட்டுக்கு அது தேவையில்லை.

படி 3: தட்டில் புரதம் முதலில்

ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். இரண்டு முட்டையில் 12 கிராம், வெந்த மீனோ கோழியோ 100 கிராமில் 20 கிராமுக்கு மேல், இரண்டு டம்ளர் பாலில் சுமார் 13, வெந்த கொண்டைக்கடலை 100 கிராமில் 8 அல்லது 9, பன்னீர் 50 கிராமில் 9. கூட்டிப் பார்த்தால் 60 தாண்டிவிடும். மூன்று வேளையில் இது உள்ளே போகாது. ஐந்தாறு சின்ன வேளைகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு வேளையும் புரதம், அப்புறம் காய், கடைசியில் இடம் இருந்தால் மாவுச்சத்து. சுறா, வாள்மீன் போன்ற பாதரசம் அதிகம் உள்ள மீன்கள் மட்டும் வேண்டாம்.

சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காதீர்கள். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து, மடக்கு மடக்காக நாள் முழுக்கக் குடியுங்கள். பாட்டிலைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: வாந்தி நிற்கவில்லை என்றால் காத்திருக்காதீர்கள்

மசக்கை எல்லோருக்கும் வருவதுதான் என்று இதை விட்டுவிடக் கூடாது. தயமின் என்ற பி1 வைட்டமின் உடலில் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் சேமிப்பில் இருக்காது. வாந்தி தொடர்ந்தால் அது வேகமாகத் தீர்ந்து மூளையையும் நரம்பையும் பாதிக்கும். பார்வை இரட்டையாகத் தெரிவது, நடக்கும்போது தள்ளாடுவது, பேச்சில் குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். அதுவரை போக விடவே கூடாது. இரண்டு மூன்று நாளாக எதுவும் தங்கவில்லை என்றாலே மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே டிரிப் ஏற்றும் முன், "எனக்கு பேரியாட்ரிக் ஆபரேஷன் ஆகியிருக்கு, குளுக்கோஸ் போடறதுக்கு முன்னாடி தயமின் கொடுக்கணுமான்னு பாருங்க" என்று சொல்லுங்கள். தயமின் குறைந்த நிலையில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் நிலைமை மோசமாகும். கூட வருபவருக்கும் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி வையுங்கள். இரைப்பையைச் சுற்றி இறுக்கும் பட்டை (பேண்ட்) போட்டவர்களுக்கு அதைத் தளர்த்த வேண்டியிருக்கலாம்.

படி 5: சர்க்கரைப் பரிசோதனையை மாற்றிக் கேளுங்கள்

24 முதல் 28 வாரத்துக்குள் குளுக்கோஸ் கரைசல் குடிக்கச் சொல்வது வழக்கம். பைபாஸ் ஆனவர்களுக்கு அது 'டம்பிங்' எனப்படும், இனிப்பு குடலுக்குள் வேகமாக இறங்குவதால் வரும் தொந்தரவைக் கிளப்பும்: வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு, பிறகு சர்க்கரை சட்டென்று இறங்குவது. அதற்குப் பதிலாக ஒரு வாரம் வீட்டிலேயே விரல் நுனியில் குத்தி, வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் பார்த்து எழுதிவரலாம். இந்த மாற்று உண்டு என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஸ்லீவ் ஆனவர்களும் கேட்டுக்கொள்வது நல்லது.

படி 6: ரத்தப் பரிசோதனையும் எடையும்

ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), பி12, ஃபோலேட், வைட்டமின் டி, வைட்டமின் ஏ, கால்சியம் ஆகியவற்றைப் பாருங்கள். மாத்திரையால் இரும்பு ஏறவில்லை என்றால், முதல் மூன்று மாதம் கடந்த பிறகு நரம்பு வழியாக ஏற்றலாம். குழந்தை சின்னதாக இருக்கும் வாய்ப்பு இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குக் கொஞ்சம் அதிகம் என்பதால் வளர்ச்சி ஸ்கேன்களைத் தவறவிட வேண்டாம்.

எடை ஏறுவதைப் பார்த்துப் பலர் கலங்கிப்போய்ச் சாப்பாட்டைக் குறைக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கர்ப்பத்துக்கு முன் பி.எம்.ஐ. சரியான அளவில் இருந்தவருக்கு 11.5 முதல் 16 கிலோ, அதிக எடையில் இருந்தவருக்கு 7 முதல் 11.5, உடல் பருமனில் இருந்தவருக்கு 5 முதல் 9 கிலோ ஏறுவது இயல்பு.

ஊட்டச்சத்துக்கு வெளியே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பைபாஸ் ஆனவருக்குக் கடுமையான வயிற்றுவலி வந்தால், அது குடல் உள்ளே சிக்கிக்கொண்டதாக இருக்கலாம். கடைசி மாதங்களில் பிரசவ வலி என்று நினைத்து வீட்டில் இருக்காமல் உடனே போங்கள், ஆபரேஷன் ஆனதைச் சொல்லுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு மாத்திரைப் பெட்டியை மூடிவிட வேண்டாம். பாலில் போகும் பி12 உங்களிடமிருந்துதான் போகிறது. உங்களுக்குக் குறைந்தால் குழந்தைக்கும் குறையும். தாய்ப்பால் கொடுக்கும் காலம் முழுக்க அதே கால அட்டவணைதான், ரத்தப் பரிசோதனையும் தொடரும்.