ஆகாத ஈரலை நாய்க்குப் போடாதீர்கள்

ஆந்திராவின் குப்பம் ஊரில் கங்கம்மா ஜாத்திரை சமயம். எங்கள் தெருவில் ஆடு வெட்டியவர் ஈரலைத் தூக்கிப் பார்த்தார். கோலிக்குண்டு அளவில் வெள்ளையாக இரண்டு நீர்க்கட்டிகள். “இது ஆகாதுண்ணா” என்று வேலியோரம் வீசினார். நாய்கள் பாய்ந்து வந்தன.

ஆகாது என்றது சரி. வீசியதுதான் தப்பு.

கட்டிக்குள் இருப்பது எக்கினோகாக்கஸ் என்னும் நாடாப்புழுவின் இளம்பருவம். அதைத் தின்ற நாயின் குடலில் ஆறேழு வாரத்தில் புழு வளர்ந்து, மலத்தோடு முட்டை வெளியேறும். புழு ஒரு சென்டிமீட்டர்கூட இராது. நாயும் கொழுகொழுவென்றே திரியும். “நம்ம நாய் நல்லாத்தானே இருக்கு” என்று நம்பிவிடாதீர்கள்.

முட்டை ஒட்டிய புல்லை மேய்ந்தால் ஆட்டுக்குக் கட்டி. நாயைத் தடவிய கையோடு சோறு தின்றால் நமக்கு. கட்டியுள்ள ஈரலைத் தின்பதால் மனிதருக்கு நேராக இந்த நோய் வராது. பலர் கறியைக் கண்டு பயப்படுகிறார்கள், கையைக் கழுவ மறந்துவிடுகிறார்கள்.

செத்த ஆட்டைக் காட்டோரம் போட்டு, “நரி தின்னட்டும்” என்று வருவதும் இதே கதைதான். நரியும் ஓநாயும்கூட இந்தப் புழுவைச் சுமக்கும். ஆழமாகப் புதைத்து மேலே கல் வையுங்கள். ஈரலையும் நுரையீரலையும் நாய்க்குப் போட்டே ஆக வேண்டுமென்றால் அரை மணி நேரம் கொதிக்க வையுங்கள்.

ஐரோப்பாவிலும் ஜப்பானின் ஹொக்கைடோவிலும் செந்நரி பரப்பும் இன்னொரு வகை உண்டு. அங்கே காட்டுப்பழங்களைப் பற்றி எச்சரிக்கிறார்கள். வீட்டு ஃப்ரீசரின் குளிருக்கு இந்த முட்டைகள் சாகாது. அடுப்புச் சூடுதான் கொல்லும். நம் ஊரில் தரையில் பொறுக்கும் இலந்தையையும் கழுவித்தான் தின்ன வேண்டும்.

நாய்க்குக் கடையில் கிடைத்த ஏதோ பூச்சி மாத்திரையைக் கொடுப்பது வீண். இதற்குப் பிரசிகுவான்டெல் வேண்டும்; உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஆண்டுக்கு 4 முறையாவது. அந்த மருந்து புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அதனால் மாத்திரை கொடுத்த சில நாள் நாயைக் கட்டிவைத்து, மலத்தை எரித்துவிடுங்கள்.

மனித உடம்பில் கட்டி பல வருஷம் சத்தமில்லாமல் வளரும். ஸ்கேனில் ‘ஈரலில் நீர்க்கட்டி’ என்று வந்தால், ஆடும் நாயும் வளர்ப்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். சாதாரணக் கட்டி என்று நினைத்து ஊசியால் குத்தினால், உள்ளிருக்கும் நீர் கசிந்து உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம்.