கர்ப்பமான பதின்வயதுப் பெண் வீட்டில் அடிபடும்போது அருகில் இருப்பவர் செய்ய வேண்டியவை

கர்ப்பமாக இருக்கும் 16, 17 வயதுப் பெண்ணை அடிப்பவர் கணவராக மட்டும் இருப்பதில்லை. வரதட்சணைக் குறையைச் சொல்லிக் காட்டும் மாமியாரும், காதலித்துப் போனதற்காக மகளை மன்னிக்காத தகப்பனும், குடும்ப மானத்தின் பெயரால் கை ஓங்கும் அண்ணனும் அந்த வரிசையில் வருவார்கள். திருமணம் ஆகாத பெண்ணாக இருந்தால் நாட்டு மருந்தையோ மருந்துக்கடை மாத்திரையையோ கட்டாயப்படுத்தி விழுங்க வைப்பதும் வன்முறைதான். தமிழ்நாட்டில் இப்படியொரு பெண்ணைக் கண்ணெதிரே பார்க்கும் கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியர், சித்தி, பக்கத்து வீட்டு அக்கா ஆகியோருக்காக இது எழுதப்படுகிறது.

அந்தப் பெண் தானாக வந்து சொல்ல மாட்டாள் என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். கர்ப்பத்தை நாலைந்து மாதம் கழித்துப் பதிவு செய்வது, பரிசோதனை நாளைத் தவறவிடுவது, கேட்ட கேள்விக்குத் தான் பதில் சொல்லாமல் உடன் வந்தவரின் முகத்தைப் பார்ப்பது, மார்பிலும் வயிற்றிலும் மேல்கையிலும் புதியதும் பழையதுமாகக் கன்றிய தழும்புகள் இருப்பது ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். “குளியலறையில் வழுக்கி விழுந்துட்டேன்” என்ற விளக்கம் இரண்டாம் முறையும் வந்தால் அதை அப்படியே ஏற்று அனுப்பிவிடக் கூடாது.

கேள்வியைத் தனிமையில்தான் கேட்க வேண்டும். மாமியாரோ கணவரோ அருகில் இருக்கும்போது கேட்பது கேட்காமல் இருப்பதைவிடக் கெடுதலானது. அதற்கான தண்டனை அன்று இரவே அவளுக்குக் கிடைக்கும். எடை பார்க்கவும் வயிற்றைப் பரிசோதிக்கவும் திரைக்கு உள்ளே அழைக்கும் ஐந்து நிமிடம் போதும். எல்லாக் கர்ப்பிணிகளையும் தனியாகப் பார்ப்பதை வழக்கமாக்கிவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. “வீட்டுல யாராவது அடிக்கிறாங்களாம்மா? உனக்கு இஷ்டமில்லாதப்ப வற்புறுத்துறாங்களா?” என்று நேராகக் கேட்கலாம். பதில் வந்த பிறகு “நீ என்ன செஞ்சே?” என்ற கேள்வி வாயில் வரவே கூடாது. “இதுல உன் தப்பு எதுவும் இல்ல” என்பதை அவள் காதில் விழும்படி சொல்ல வேண்டும்.

ஆனால் கேட்பதற்கு முன்பே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பலரும் தவறவிடும் இடம் இதுதான். 18 வயது நிறையாதவர் அனைவரும், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குழந்தைகளே; அவர்களுடன் பாலுறவு கொள்வது குற்றம். தாலி கட்டியிருந்தாலும் இதில் மாற்றம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. குற்றம் நடந்திருப்பதை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அச்சட்டத்தின் 19ஆம் பிரிவு சொல்கிறது. தெரிவிக்காமல் இருப்பது 21ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று சத்தியம் செய்து கதையை வாங்கிவிட்டு மறுநாள் போலீசை வரவழைப்பது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் இன்னொரு துரோகம். எதை இரகசியமாக வைக்க முடியும், எதை வைக்க முடியாது என்பதை முன்னதாக விளக்கி, தகவல் போகும்போது தானும் உடன் இருப்பதாகச் சொல்வதே நேர்மை. தன்னை நேசிப்பவன் சிறைக்குப் போய்விடுவானே என்ற அச்சத்தில் மருத்துவமனைப் பக்கமே வராத பெண்கள் இருப்பதால், இந்த விளக்கத்தை அவசரமின்றிச் சொல்ல வேண்டும். கர்ப்பத்தைக் கலைக்க விரும்பி வரும் 18 வயதுக்குட்பட்ட பெண்ணும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் காவல்துறைக்குத் தரும் தகவலில் அவளுடைய அடையாளத்தை வெளியிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022இல் கூறியிருப்பதையும் சொல்லலாம். சட்டப்படி 18 வயதுக்குட்பட்டோருக்கு 24 வாரம் வரை கருக்கலைப்புக்கு இடமுண்டு. 20 வாரம் கடந்திருந்தால் இரண்டு மருத்துவர்களின் கருத்து தேவை.

வயிற்றில் அடி அல்லது உதை விழுந்திருந்தால், வெளியே காயம் தெரியாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரிலிருந்து பிரிந்தால் இரத்தம் உள்ளேயே தேங்கக்கூடும். ஆகவே உதிரப்போக்கு இல்லை என்பதை வைத்துத் தைரியம் கொள்ளக் கூடாது. வயிறு கல்லாக இறுகுதல், விடாத வலி, நீர்க்கசிவு, குழந்தையின் அசைவு குறைதல், மயக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐ அழைக்க வேண்டும். தாயின் இரத்த வகை நெகட்டிவ் என்றால் அடிபட்ட 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி (குழந்தையின் இரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடல் செயல்படாமல் தடுக்கும் ஊசி) தேவைப்படலாம் என்பதை மருத்துவரிடம் நினைவூட்ட வேண்டும். கழுத்தை நெரித்திருந்தால், குரல் கம்மியிருந்தால், அது உயிருக்கு ஆபத்தான நிலை. நெரித்தவன் அடுத்த முறை கொல்லவும் கூடும் என்று கருதியே நடக்க வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தைக்கு எஃப்.ஐ.ஆர். கேட்காமல் அவசர சிகிச்சை தருவது மருத்துவமனையின் கடமை. அரசு, தனியார் எதுவானாலும் அந்தச் சிகிச்சை இலவசம்.

வீட்டை விட்டு உடனே வெளியேற அவள் தயாராக இல்லாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். வெளியேறும் நேரம்தான் பெரும்பாலும் மிக ஆபத்தானது. ஆதார், பிறப்புச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்) ஆகியவற்றின் நகல்களை நம்பகமான ஒருவரிடம் கொடுத்து வைக்கலாம். பக்கத்து வீட்டாரிடம் ஓர் அடையாளச் சொல்லைச் சொல்லி வைப்பது நல்லது, “மோர் இருக்காக்கா?” என்று அவள் கேட்டால் 112 அவசர உதவி எண்ணுக்குப் போன் போட வேண்டும் என்று முன்பே பேசிக்கொள்ளலாம். வன்முறை பற்றிய குறிப்பைத் தாய் சேய் அட்டையில் எழுதவே கூடாது, அது வீட்டில் எல்லோரும் புரட்டிப் பார்க்கும் அட்டை.

வெளியேற அவள் முடிவு செய்துவிட்டால் 181 மகளிர் உதவி எண்ணும், 18 வயதுக்குட்பட்டவராக இருந்தால் 1098 குழந்தைகள் உதவி எண்ணும் இரவு பகல் இயங்குகின்றன. மாவட்டத்தின் சகி ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தற்காலிகத் தங்குமிடம், மருத்துவ உதவி, சட்ட ஆலோசனை ஆகியவை கிடைக்கும். தொடர்ந்து தங்க இடம் ஏற்பாடு செய்வது குழந்தைகள் நலக் குழுவின் பொறுப்பு. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், அடிப்பவர் அவளை அணுகாமல் இருக்கவும் பராமரிப்புத் தொகை தரவும் பாதுகாப்பு அலுவலர் வழியாக உத்தரவு பெறலாம். குழந்தைத் திருமணத்தை அவள் 20 வயது நிறையும்வரை நீதிமன்றத்தில் ரத்து செய்யக் கோரலாம். ரத்தானாலும் பிறக்கும் குழந்தை சட்டப்படியான வாரிசே.

ஊர்ப் பெரியவர்களை உட்கார வைத்துச் சமாதானம் பேசும் வழியை மட்டும் தேட வேண்டாம். “அனுசரிச்சுப் போம்மா” என்ற வார்த்தையோடு திரும்பும் பெண், அடிப்பவனுக்கு ஊரே அனுமதி கொடுத்துவிட்டதாக உணர்வாள். வளைகாப்பு முடிந்து பிறந்த வீட்டுக்கு வரும் மாதங்களில் அவள் ஓரளவு தனியாகக் கிடைப்பாள். பிறந்த வீட்டில் அடி இல்லை என்றால் நிதானமாகப் பேசவும் ஆவணங்களைச் சேர்க்கவும் அதுவே நல்ல காலம். மூன்றாம் மாதம் குழந்தையோடு திருப்பி அனுப்பும் பேச்சு தொடங்குவதற்கு முன்பே, எங்கே வாழ விரும்புகிறாள் என்பதை அவளிடம் தனியாகக் கேட்டு, தடுப்பூசிக்கு வரும் ஒவ்வொரு முறையும் திரைக்கு உள்ளே அழைத்து அதே கேள்வியை மறுபடியும் கேட்க வேண்டும்.