பழைய கட்டடங்களைப் பார்க்கப் பழகுவது எப்படி? மகாலில் ஆரம்பியுங்கள்

ஒருமுறை சொந்தக்காரர்கள் ஏழு பேரை வேனில் ஏற்றிக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், காந்தி மியூசியம், அழகர்கோவில் என ஒரே நாளில் சுற்றிக் காட்டினேன். ராத்திரி இட்லி சாப்பிடும்போது சித்தப்பா கேட்டார்: "ஏப்பா, அந்தப் பெரிய தூண் இருந்தது மகாலா, மியூசியமா?" அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மியூசியம் இருப்பதும் ராணி மங்கம்மாளின் பழைய அரண்மனையில்தான். அன்றிலிருந்து ஒரு நாளைக்கு ஓர் இடம் என்று வைத்துக்கொண்டேன்.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்லும் முறை இதுதான்.

படி 1: கிளம்பும் முன் மூன்று கேள்வி

யார் கட்டியது? அப்புறம் அது எதற்கெல்லாம் பயன்பட்டது? இப்போது அதில் எது இல்லை? இந்த மூன்றுக்கும் பத்து நிமிடம் ஒதுக்கிப் படித்தால் போதும். மகாலுக்கான பதில் இதோ. 1636-இல் திருமலை நாயக்கர் கட்டினார். பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இங்கிருந்து நிறையப் பெயர்த்து எடுத்துப்போய்விட்டார். சிதைந்து கிடந்ததை 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்கச் செய்தார். பிறகு 1970 வரை மாவட்ட நீதிமன்றம் இங்கேதான் நடந்தது. இன்று நாம் பார்ப்பது பழைய அரண்மனையில் கால்வாசிதான்.

படி 2: உள்ளே போனதும் போனை எடுக்காதீர்கள்

வாசலைத் தாண்டினால் பெரிய திறந்த முற்றம், எதிரே அரசவை மண்டபமான சொர்க்கவிலாசம். எல்லாரும் நேரே சிம்மாசனத்தைப் பார்த்து ஓடுவார்கள். நீங்கள் முற்றத்தின் ஓரத்தில் கால் மணி நேரம் சும்மா நில்லுங்கள். பிறகு ஒரே ஒரு தூணைத் தேர்ந்தெடுத்து, அடியிலிருந்து வளைவு வரை கண்ணை மெதுவாக ஏற்றுங்கள். மேலே பளிங்கு போலத் தெரியும் பூவேலை எல்லாம் சுதை. செங்கல் கட்டுமானத்தின் மேல் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்த சாந்தைப் பூசி இழைத்த பளபளப்பு அது. கீழே கைக்கெட்டும் உயரத்தில் பெயர் கிறுக்கி வைத்திருக்கிறார்கள் நம் ஆட்கள். அதையும் பார்த்துவிட்டு, வடக்குப் பக்கம் நாடகசாலைக்குப் போகலாம்.

படி 3: வெளியே வந்து நடங்கள்

பலர் தவறவிடும் படி இது. எனக்குப் பிடித்ததும் இதுதான். டிக்கெட் கிழித்த இடத்தோடு அரண்மனை முடிந்துவிடவில்லை. விளக்குத்தூண் பக்கம் நடந்து ஜவுளிக்கடைகளுக்கு நடுவே "பத்துத்தூண் எங்கேங்க?" என்று கேளுங்கள். நைட்டியும் துண்டும் தொங்கும் குறுகிய சந்தில், தலைக்கு மேல் பெரிய பெரிய தூண்கள் கூரையில்லாமல் வரிசையாக நிற்கும். அரண்மனை வளாகத்தின் மிச்சம் அது. மகாலுக்கும் இந்தச் சந்துக்கும் இடையே நீங்கள் நடந்துவந்த தூரத்தை மனதில் வைத்துக்கொண்டு தூண்களை அண்ணாந்து பாருங்கள். கால்வாசி என்று படித்த கணக்கு அப்போதுதான் புரியும்.

தெருப்பெயர்களையும் விடாதீர்கள். நவபத்கானா தெரு என்றால் நகரா முரசு முழங்கிய கூடம் இருந்த இடம். பந்தடித் தெருக்களில் அரண்மனைக்காரர்கள் பந்து விளையாடினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். கட்டடம் போனாலும் பெயர் போகவில்லை. நடந்து களைத்தால் ஒரு ஜிகர்தண்டா.

படி 4: அடுத்து, ஒரு வீடு

அரண்மனை பழகியபின் காரைக்குடிப் பக்கம் போங்கள், மதுரையிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் வாசல் வைத்து அடுத்த தெருவில் கொல்லை வைத்திருக்கும். முகப்பு, வளவு (நடுமுற்றம்), இரண்டாம் கட்டு, அடுப்படி என்று வரிசை மாறாமல் பாருங்கள். விருந்தாளி எதுவரை வரலாம், பெண்கள் எங்கே புழங்கினார்கள் என்பதெல்லாம் அந்த வரிசையிலேயே இருக்கிறது. தரையில் ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி வார்ப்பதால்தான் அதற்கு அந்த மினுமினுப்பு, பாலிஷ் கிடையாது. சுவரில் கன்னத்தை வைத்தால் சில்லென்றிருக்கும். மகாலில் பார்த்த அதே முட்டை வெள்ளைக்கரு வித்தை.

பல வீடுகள் இன்றும் தனியார் வீடுகள். கட்டணம் வாங்கிக் காட்டுபவை சில. மற்றவற்றில் திண்ணையில் இருக்கும் பெரியவரிடம் "ஐயா, வளவு வரைக்கும் பார்த்துக்கலாமா?" என்று கேளுங்கள். சரி என்றால் செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சாமி அறைப் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள்.

படி 5: மலை என்றால் விடிகாலை

மதுரைக்குப் பக்கத்தில் உள்ள கீழக்குயில்குடி சமணர் மலைக்கு நான் பகல் பன்னிரண்டு மணிக்குப் போய்ப் பாறையில் உள்ளங்கால் வெந்து திரும்பியவன். செட்டிப்புடவு குகையில் மகாவீரர் சிற்பத்தைப் பார்த்துவிட்டு, பேச்சிப்பள்ளத்துச் சிற்பங்களையும் அவற்றின் கீழுள்ள, பழைய தமிழ் எழுத்து முறையான வட்டெழுத்தையும் பார்க்க ஏற வேண்டும். ஏழு மணிக்குள் மேலே இருங்கள்.

படி 6: வெளியூர், வெளிநாடு

முறை மாறாது, விடுமுறைதான் மாறும். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை போனால் பூட்டைத்தான் பார்க்கலாம். இங்கிலாந்தில் நேஷனல் டிரஸ்ட் பராமரிக்கும் பல பழைய வீடுகள் குளிர்காலத்தில் மூடியிருக்கும், அல்லது ஒரு பகுதி மட்டும் திறந்திருக்கும். திறந்திருக்கும் நாளில் அறைகளில் வயதான தன்னார்வலர்கள் இருப்பார்கள். நம் திண்ணைப் பெரியவரிடம் கேட்ட மாதிரியே அவர்களிடமும் கேளுங்கள். அந்த அறையின் கதையைச் சொல்லத்தான் அவர்கள் அங்கே இருக்கிறார்கள்.