புது பிக்கப்பின் தொட்டிக்கு எந்த லைனர்?

எட்டு வருடம் உழைத்த பழைய பிக்கப்பை விற்க முடிவு செய்த அன்று, சாமான் ஏற்றும் பின்பக்கத் தொட்டியைக் கழுவிக் காட்டலாம் என்று, அதன் உட்புறத்தைக் காக்கப் போட்டிருந்த உறையான பிளாஸ்டிக் லைனரை முதல்முறையாக வெளியே தூக்கினேன். அடியில் மாவு போல நைந்த மணல், ஈரத்தோடு அப்பிக் கிடந்தது. லைனரின் வரிகள் பட்ட இடமெல்லாம் பெயிண்ட் தேய்ந்து கோடு கோடாகத் தகரம் தெரிந்தது. கேபினை ஒட்டிய மூலையில் ஸ்குரு டிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன், மறுபக்கம் போய்விட்டது. மேலே பார்த்தால் லைனர் இன்னும் ஐந்து வருடத்துக்குத் தாங்கும் போல இருந்தது. அது காப்பாற்ற வேண்டிய தொட்டிதான் போயிருந்தது.

மோட்டார், பம்பு பழுது பார்ப்பது என் வேலை. வார்ப்பிரும்பு அடித்தளம் கொண்ட பம்புகள், பத்தடி ஜிஐ குழாய்கள், கிரீஸ் டப்பாக்கள் என்று தினமும் ஏறி இறங்கும். புது வண்டி எடுத்தபோது இந்த முறை லைனர் விஷயத்தில் அவசரப்படக்கூடாது என்று மூன்று வாரம் அலைந்து விசாரித்தேன். அப்போது தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது லைனரை அல்ல, தொட்டியை. உங்கள் தொட்டி எதனால் ஆனது? பெரும்பாலான வண்டிகளில் இரும்புத் தகடு. அதற்குத் துருதான் பகை. 2015 மாடலிலிருந்து ஃபோர்டு எஃப்-150 போன்ற வண்டிகளில் அலுமினியம் வந்துவிட்டது. அது இரும்பைப் போலத் துருப்பிடிக்காது. ஆனால் இரும்பு போல்ட்டும் ஈரமும் சேர்ந்து தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் அரிப்பு வரும், கூர்மையான பொருள் விழுந்தால் சுலபமாகக் கிழியவும் செய்யும். டொயோட்டா டகோமா (2005 முதல்), ஹோண்டா ரிட்ஜ்லைன் போன்றவற்றில் தொட்டியே நார் கலந்த பிளாஸ்டிக் கலவை. அதற்குத் துருவுக்காக லைனர் தேவையே இல்லை, சாமான் வழுக்காமல் இருக்க ஒரு ரப்பர் பாய் போதும். இதைப் பார்க்காமல் கடைக்குப் போனால், அவர்களிடம் எது இருக்கிறதோ அதுதான் உங்களுக்கும் வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள்.

அடுத்து, ஒரு மாதம் நீங்கள் ஏற்றப்போகும் சுமையை ஒரு தாளில் எழுதுங்கள். ஜல்லியும் செங்கல்லுமா, உரமூட்டையா, அட்டைப்பெட்டிகளா, வீட்டுச் சாமானா? மேலிருந்து விழும் சாமானா, உள்ளே இழுத்துத் தள்ளும் சாமானா? நான் எழுதிப் பார்த்தபோது என் பிரச்சினை அடி விழுவதுதான் என்று புரிந்தது. அதற்கு ஒரு லைனர், இழுவைக்கு வேறு லைனர், உரத்துக்கு வேறு.

அச்சில் வார்த்த பிளாஸ்டிக் லைனரை டிராப்-இன் என்பார்கள். கெட்டியான பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் உறையை அப்படியே தொட்டிக்குள் இறக்கி மாட்டுவது. அரை மணி நேர வேலை. மேலே எவ்வளவு அடி விழுந்தாலும் தாங்கும், பள்ளம் விழுவதைத் தடுப்பதில் இதை மிஞ்ச ஆளில்லை. பெட்டிகளை உள்ளே தள்ளுவதும் எளிது. ஆனால் அதே வழுக்கல்தான் வளைவில் திரும்பும்போது பம்பை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் எறியும். கயிறு போட்டுக் கட்டாமல் எதையும் விடக்கூடாது.

இதன் உண்மையான குறை அடியில் இருக்கிறது. வண்டி ஓடும்போது லைனர் லேசாக அசைந்துகொண்டே இருக்கும். இடையில் புகுந்த மணல் உப்புத்தாள் போல வேலை செய்யும். மழைநீரும் உள்ளே நுழையும், காற்று படாததால் நாள் கணக்கில் காயாது. பெயிண்ட் தேய்ந்த இடம், தேங்கிய ஈரம், இரண்டும் சேர்ந்தால் துருவுக்கு வேறென்ன வேண்டும்? என் பழைய வண்டியில் நடந்தது இதுதான், குற்றம் லைனர்மேல் மட்டுமில்லை. எட்டு வருடத்தில் ஒருமுறைகூட நான் அதைத் தூக்கிப் பார்க்கவில்லை.

டிராப்-இன்தான் வேண்டும் என்றால் உங்கள் மாடலுக்கென்றே வார்த்ததை வாங்குங்கள். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்பது அதிகமாக ஆடும். தொட்டியில் துளை போட்டு ஸ்குரு அடிக்க விடாதீர்கள். ஒவ்வொரு துளையும் துருவுக்கு வாசல், உற்பத்தியாளரின் துரு வாரண்டிக்கும் அது இடைஞ்சல் ஆகலாம். ஏற்கெனவே இருக்கும் கொக்கித் துளைகளில் கிளிப் மாட்டும் வகை கிடைக்கிறது. தொட்டியின் விளிம்பு மேல் மடிந்து உட்காரும் வகையா, விளிம்புக்குக் கீழேயே நிற்கும் வகையா என்றும் கேளுங்கள். பின்னால் தொட்டிக்கு மூடி போடும் எண்ணம் இருந்தால் முதல் வகை வேண்டாம், மூடியின் கிளாம்பு உட்கார இடமிருக்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துக் கழுவிக் காயவைக்க முடியுமென்றால் மட்டும் இதை வாங்குங்கள்.

ஸ்பிரே லைனர் வேறு வகை, தொட்டியின் மேலேயே தெளித்து ஒட்டவைக்கும் பிளாஸ்டிக் பூச்சு. பாலியூரித்தேன், பாலியூரியா அல்லது இரண்டும் கலந்தது. லைன்-எக்ஸ், ரைனோ லைனிங்ஸ் என்ற பெயர்களைக் கேட்டிருப்பீர்கள். இரண்டு திரவங்களைச் சூடாக்கி, அதிக அழுத்தத்தில் துப்பாக்கி முனையில் கலந்து தெளிப்பார்கள். பாலியூரியா சில நொடிகளில் இறுகிவிடும். தரை மீது சுமார் 3 மில்லிமீட்டர் தடிமன் வரும். தகரத்தோடு ஒட்டிக்கொள்வதால் இடையில் நீரும் மணலும் புக வழியே இல்லை. மேற்பரப்பு சொரசொரப்பு, சாமான் நகராது. அந்தச் சொரசொரப்பில் முட்டி போட்டு வேலை செய்தால் தோல் உரியும், பெட்டியை இழுத்தால் அடி கிழியும், அதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய கல் ஒன்று உயரத்திலிருந்து விழுந்தால் பூச்சு கிழியாது, ஆனால் அடியிலுள்ள தகரம் பள்ளமாகும். பள்ளத்தைத் தடுப்பது இதன் வேலை இல்லை.

இதில் எல்லாமே முன்வேலையில்தான் இருக்கிறது. என் நண்பர் ஒருவர் போட்ட பூச்சு இரண்டாவது வருடமே பின்கதவு ஓரத்தில் தாளாக உரிந்து வந்தது. அடியில் பார்த்தால் கம்பெனி பெயிண்ட் பளபளவென்று அப்படியே இருந்தது. தெளித்தவர் அதைத் தேய்க்கவே இல்லை. மினுக்கான பெயிண்ட்டில் எதுவும் பிடிக்காது. ஆகவே வண்டியை விடும் முன் இவற்றைக் கேளுங்கள்: தொட்டி முழுவதையும், மூலைகள் உட்பட, மினுக்குப் போகும்வரை தேய்ப்பீர்களா? எண்ணெய்ப் பிசுக்கை எதைக்கொண்டு துடைப்பீர்கள்? கொக்கிகளைக் கழற்றிவிட்டுத் தெளிப்பீர்களா, மேலேயே தெளிப்பீர்களா? தண்ணீர் வடியும் துளைகளை அடைக்காமல் விடுவீர்களா? தொட்டியைச் சேஸிஸோடு பிணைக்கும் போல்ட் தலைகளை மறைப்பீர்களா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். பல பிக்கப்களில் எரிபொருள் பம்ப்பைப் பழுது பார்க்கத் தொட்டியையே தூக்க வேண்டிவரும். அன்று போல்ட் தலைகள் 3 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கில் புதைந்திருந்தால் மெக்கானிக் படும் பாடு பெரிது. இவற்றுக்கெல்லாம் நேராகப் பதில் சொல்லாமல் கலரைப் பற்றியே பேசுகிறவரிடம் விடாதீர்கள். முடிந்தால் அவர் தேய்த்து முடித்த ஒரு வண்டியைத் தெளிப்பதற்கு முன் போய்ப் பாருங்கள். நான் அப்படித்தான் பார்த்து முடிவு செய்தேன்.

வெயிலைப் பற்றியும் கேளுங்கள். சாதாரண கறுப்புப் பூச்சு வெயிலில் வருடக்கணக்கில் நின்றால் சாம்பல் பூத்தது போல வெளுக்கும். பலம் அவ்வளவாகக் குறையாது, பார்வைதான் போகும். வெயில் தாங்கும் மேல்பூச்சு ஒன்று தனியாகக் கிடைக்கும், வண்டி எப்போதும் வெளியில் நிற்குமென்றால் போட்டுக்கொள்ளலாம். தெளித்த பிறகு கடை சொல்லும் நேரம், பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள், சுமை ஏற்றாமல் விடுங்கள். இந்தப் பூச்சை மறுபடி எடுக்க முடியாது என்பதையும் மனதில் வைத்து முடிவெடுங்கள்.

நீங்களே உருளையால் பூசும் வகையும் உண்டு. ஹெர்குலைனர், ராப்டர் போன்றவை. தடிமன் கடைப் பூச்சைவிடக் குறைவு, ஆனால் பொறுமையாகத் தேய்த்து இரண்டு கை பூசினால் மிதமான வேலைக்கு நன்றாகவே நிற்கும். கீறல் விழுந்தால் நீங்களே ஒட்டுப் போட்டுக்கொள்ளலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: இவற்றில் பலவற்றில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. அந்தப் புகை நுரையீரலைக் கெடுக்கும், ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் ஆஸ்துமா போல மூச்சு திணறும். டப்பாவில் எழுதியிருக்கும் முகமூடியை மட்டுமே போடுங்கள், துணியைக் கட்டிக்கொண்டு இறங்காதீர்கள். துப்பாக்கியால் தெளிக்கும் வேலையைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

ரப்பர் பாய் எளிய விஷயம். 8 முதல் 10 மில்லிமீட்டர் கனத்தில் வாங்குங்கள், சாமானும் நகராது, அடியும் தாங்கும். பக்கச் சுவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. அடிப்பக்கம் குமிழோ வரியோ இருப்பதாகப் பாருங்கள், நீர் ஓடிப்போகும். டீசலும் எண்ணெயும் சிந்தினால் சாதாரண ரப்பர் ஊதிப் பிசுபிசுக்கும், உடனே துடைத்துவிட வேண்டும். கம்பளம் போன்ற ஃபோம் லைனர்கள் தொட்டிக்குள் படுப்பவர்களுக்கும் மெல்லிய சாமான் ஏற்றுகிறவர்களுக்கும் சுகம். மண்ணும் கிரீஸும் ஏற்றுகிறவருக்கு வேண்டாம். உரமூட்டை ஏற்றுகிறவர்கள் ஸ்பிரே பக்கம் போவது நல்லது. சிந்திய உரம் ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பை வேகமாகத் தின்னும், ஒட்டிய பூச்சில் தண்ணீர் பீய்ச்சினால் உரம் முழுவதும் கழுவிப் போய்விடும்.

எந்த லைனர் போட்டாலும் ஒன்றை மறக்காதீர்கள். தொட்டிக்குள் வைத்தபடியே பெட்ரோல் கேனை நிரப்பக்கூடாது. பிளாஸ்டிக் லைனர் மின்சாரம் கடத்தாது. கேனில் சேரும் நிலைமின்சாரம் தரைக்கு இறங்க வழியில்லாமல் நின்று, பெட்ரோல் ஊற்றும் குழாயின் முனையான நாசில் அருகே வரும்போது பொறியாகப் பாயும். இப்படித் தீப்பிடித்த சம்பவங்களைப் பார்த்து அமெரிக்காவின் தொழிலாளர் நலப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1990களிலேயே எச்சரித்தது. கேனைத் தரையில் இறக்கி வைத்து, நாசில் கேனின் வாயைத் தொட்டபடியே இருக்க மெதுவாக நிரப்புங்கள். என்னிடம் வேலை செய்யும் பையனுக்கு ஸ்பேனர் பெயர்களைச் சொல்லிக் கொடுக்கும் முன் இதைத்தான் சொல்லிக் கொடுத்தேன்.

சரி, கடைசியில் நான் என்ன செய்தேன்? ஸ்பிரே போட்டு, அதன்மேல் தரைக்கு மட்டும் ஒரு கனத்த ரப்பர் பாய். ஒட்டிய பூச்சு துருவைப் பார்த்துக்கொள்கிறது, பம்பின் அடியைப் பாய் வாங்கிக்கொள்கிறது, முட்டிக்கும் இதம். முதல் சுமை ஏறுவதற்கு முன்பே போட்டுவிட்டேன், கீறல் விழுந்த பிறகு போட்டால் அந்தக் கீறலை முதலில் சரி செய்ய வேண்டியிருக்கும். இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் பாயைச் சுருட்டி எடுத்து, தொட்டியில் தண்ணீர் அடித்து, வடிகால் துளைகளில் ஒரு கம்பியை விட்டுக் குத்திப் பார்க்கிறேன். கேபினை ஒட்டிய அந்த மூலையை விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் பாயைத் திரும்ப விரிக்கிறேன்.