சம்பள முறைப்பாட்டோடு சேமலாப நிதியையும் சேர்த்து எழுதுங்கள்

நிலுவைச் சம்பளத்துக்காகத் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுக்கும்போது, ஊழியர் சேமலாப நிதி (EPF, ஊழியரின் ஓய்வுகாலத்துக்கான சேமிப்பு) கட்டப்படாததையும் அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள். கூடவே, வேலை செய்த நாட்கள், நேரம், கைக்கு வந்த பணம் ஆகியவற்றை அன்றன்றே குறித்த ஒரு கொப்பியையும் கொண்டுபோங்கள்.

இலங்கையின் வடக்கே பரந்தனிலும் புதுக்குடியிருப்பிலும் கடை, அரிசி ஆலை, கட்டட வேலை என்று போகும் பலருக்கு நியமனக் கடிதமே கிடைப்பதில்லை. "நாட்சம்பளக்காரருக்குச் சேமலாப நிதி இல்லை" என்று முதலாளி சொன்னால் நம்பாதீர்கள். தற்காலிகமோ நாட்கூலியோ, முதல் நாளிலிருந்தே அது உரியது: உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம், முதலாளியின் பங்காக 12 சதவீதம். இதைத் தவிர ஊழியர் நம்பிக்கை நிதி (ETF) என்ற இன்னொரு நிதிக்கு முதலாளி மட்டும் 3 சதவீதம் கட்ட வேண்டும். நிலுவைச் சம்பளத்தையும் சேமலாப நிதியையும் சேர்த்துக் கேட்டால் தொழில் அதிகாரி ஒரே விசாரணையில் பதிவேடுகளைக் கேட்டுப் பார்க்கலாம், நீங்களும் இன்னொரு நாள் கூலியை இழந்து அலைய வேண்டியதில்லை. கொப்பி முழுச் சாட்சி ஆகாதுதான். ஆனால் திகதி திகதியாக எழுதியதை வெறும் வாய்ச்சொல்லால் மறுப்பது முதலாளிக்குக் கடினம். கடிதத்தைத் தமிழிலேயே எழுதுங்கள், அது உங்கள் உரிமை. பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு பதிவுத் தபாலில் அனுப்பினால் பற்றுச்சீட்டும் கையில் இருக்கும்.

ஓய்வூதிய உரிமையுள்ள அரச ஊழியர்களுக்கும் வீட்டு வேலை செய்பவர்களுக்கும் இந்தச் சேமலாப நிதி வழி பொருந்தாது. வேலையை விட்டு நிறுத்தியதை எதிர்ப்பதானால் தொழில் நியாய சபைக்கு, நிறுத்திய நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சம்பள விசாரணை முடியட்டும் என்று காத்திருந்து அந்தக் காலத்தைத் தவறவிடாதீர்கள்.