ஃப்ரீமேசன் டிகிரிகள்: ஒரே தாளில் வரைந்து புரிந்துகொள்வது எப்படி?

ஃப்ரீமேசன் (சுருக்கமாக மேசன்) என்றால் ரகசியச் சடங்குகள் கொண்ட ஒரு சகோதரச் சங்கத்தின் உறுப்பினர். யூடியூபில் யாராவது குரலைத் தாழ்த்தி "அவர் 33-வது டிகிரி மேசன்" என்று சொன்னால், 33 மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் நின்றுகொண்டு அந்த ஆள் உலகத்தையே ஆட்டிவைக்கிறார் என்று நமக்குத் தோன்றும். எனக்கும் வெகுநாள் அப்படித்தான் தோன்றியது. உண்மையில் கட்டடத்துக்கு மூன்றே மாடி. மற்றதெல்லாம் பக்கவாட்டில் கட்டிச் சேர்த்த அறைகள். ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பேனா வேண்டாம், ஒரு கட்டத்தில் அழிக்க வேண்டியிருக்கும்.

படி 1: இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

முதலில் "லாட்ஜ்". பஸ் ஸ்டாண்டு எதிரில் அறை வாடகைக்கு விடுகிற லாட்ஜ் இல்லை. ஓர் ஊரில் கூடுகிற உறுப்பினர் குழுவுக்கு, அதாவது ஒரு கிளைக்கு, அந்தப் பெயர். பல லாட்ஜுகளுக்கு மேலே இருப்பது கிராண்ட் லாட்ஜ். லண்டனில் நான்கு லாட்ஜுகள் சேர்ந்து 1717 ஜூன் 24 அன்று முதல் கிராண்ட் லாட்ஜை அமைத்தன என்பது அவர்களே சொல்லும் வரலாறு. இன்று அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் தனி கிராண்ட் லாட்ஜ் உண்டு. இந்தியாவுக்கு 1961 நவம்பர் 24 முதல் ஒன்று இருக்கிறது. சென்னை எழும்பூரில் இருக்கும் ஃப்ரீமேசன்ஸ் ஹாலில் கூடும் லாட்ஜுகள் பலவும் அதைச் சேர்ந்தவைதான். இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து உலகத் தலைமையகம் என்று ஒன்று கிடையாது.

அடுத்து "டிகிரி". பரீட்சை எழுதி வாங்குவதில்லை. ஒரு சடங்கு, அதில் கொஞ்சம் நாடகம், ஓர் உறுதிமொழி, கடைசியில் ஒரு பாடம். இந்த நான்கும் சேர்ந்தது ஒரு டிகிரி.

படி 2: தாளின் நடுவில் மூன்று பெட்டிகள் வரையுங்கள்

கீழிருந்து மேலாக, ஒன்றன்மேல் ஒன்றாக. அடியில் என்டர்டு அப்ரன்டிஸ், நடுவில் ஃபெலோ கிராஃப்ட், மேலே மாஸ்டர் மேசன். இந்தப் பெயர்கள் ஐரோப்பியக் கல் கொத்தர்களின் தொழிலிலிருந்து வந்தவை. நம் ஊர்க் கட்டட வேலையிடத்தை நினைத்துக்கொண்டால் சட்டென்று பிடிபடும்: சித்தாள், கொத்தனார், மேஸ்திரி. (நம் "மேஸ்திரி"யே போர்த்துகீசிய "மெஸ்த்ரே"யிலிருந்து வந்தது, இங்கிலீஷ் "மாஸ்டர்" அதற்கு ஒன்றுவிட்ட அண்ணன்.) என்ன வித்தியாசம் என்றால், நம் ஊரில் சித்தாள் பலர் கடைசிவரை சித்தாளாகவே இருந்துவிடுகிறார்கள். லாட்ஜில் சேர்ந்தவர்களைச் சில மாதங்களில் மூன்றாவது பெட்டிக்கு ஏற்றிவிடுவார்கள்.

ஒவ்வொரு டிகிரியிலும் கருவிகளை வைத்து ஒழுக்கப் பாடம் நடக்கும். அமெரிக்க லாட்ஜுகளில் முதலாவதற்கு 24 அங்குல அளவுகோலும் சுத்தியலும். அளவுகோலின் 24 அங்குலம் நாளின் 24 மணி நேரம். அதைத் தொழிலுக்கும் ஓய்வுக்கும் கடவுளுக்கும் பிறர்க்கும் பங்கிடக் கற்றுக்கொள் என்பது பாடம். இரண்டாவதற்குத் தூக்குக்குண்டு, மூலைமட்டம், ரசமட்டம். மூன்றாவதற்குக் கரணை. சிமெண்ட் பூசுகிற கரணைக்கு அங்கே சகோதர அன்பைப் பூசுகிற வேலை.

மூன்றாவது டிகிரிதான் இதில் உச்சம். சாலமோன் ஆலயத்தைக் கட்டிய ஹிராம் அபிஃப் என்ற தலைமைக் கொத்தரிடம் மூன்று பேர் ரகசியச் சொல்லைக் கேட்டு மிரட்டுகிறார்கள். அவர் சொல்ல மறுத்து உயிரை விடுகிறார். புதிதாகச் சேர்பவர் இந்தக் கதையை வேடிக்கை பார்ப்பதில்லை. ஹிராமாக நடிப்பவரே அவர்தான். ஒருவரை இப்படி உள்ளே நிறுத்தி நடத்துவதுதான் இந்த மூன்று பெட்டிகளின் பலம் என்பது என் எண்ணம்.

மூன்றாவது பெட்டிக்கு மேலே தடியாக ஒரு கோடு போடுங்கள். 1813-இல் இங்கிலாந்தின் இரண்டு போட்டி கிராண்ட் லாட்ஜுகள் இணைந்தபோது, தூய பழைய மேசனரி என்பது இந்த மூன்று டிகிரிகள்தான், அதற்குமேல் இல்லை என்று எழுதி வைத்தார்கள். எழுதிய கையோடு "ராயல் ஆர்ச் உட்பட" (இந்த இன்னொரு சடங்கு படி 4-இல் வரும்) என்று ஒரு வாலையும் ஒட்டினார்கள். சமரசம் என்றால் இப்படித்தான் இருக்கும்!

அப்புறம், பதவியை டிகிரியோடு குழப்ப வேண்டாம். மாஸ்டர் மேசன் என்பது டிகிரி. வொர்ஷிப்ஃபுல் மாஸ்டர் என்பது லாட்ஜின் தலைவர் பதவி, வழக்கமாக ஓராண்டு. கிராண்ட் மாஸ்டரும் பதவிதான்.

படி 3: வலதுபக்கம் ஒரு நீளமான அறை

மாஸ்டர் மேசன் பெட்டியிலிருந்து வலதுபக்கம் கோடிழுத்து "ஸ்காட்டிஷ் ரைட், 4 முதல் 32" என்று எழுதுங்கள். ரைட் என்றால் இங்கே சடங்கு முறை. மேலே போகாமல் பக்கவாட்டில் போகட்டும். பெயரில் ஸ்காட்லாந்து இருந்தாலும் இதன் வேர் 18-ஆம் நூற்றாண்டு பிரான்ஸில். இதன் முதல் தலைமைக் குழு 1801 மே 31 அன்று அமெரிக்காவின் சார்ல்ஸ்டனில் அமைந்தது.

இங்கே பெரும்பாலும் உறுப்பினர் பார்வையாளர்தான். அரங்கில் உட்கார்ந்திருப்பார், மேடையில் ஒப்பனையோடு நாடகம் நடக்கும். எல்லா டிகிரிகளையும் நடித்துக் காட்டுவதில்லை. சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். அதனால் பல இடங்களில் ஒரே வாரக் கடைசியில் ஒருவர் 32-ஐத் தொட்டுவிடலாம். நம்மைப் பயமுறுத்திய எண்ணின் கதை இவ்வளவுதான்.

33? அது விண்ணப்பித்து வாங்குவதில்லை. சங்கத்துக்கு நெடுநாள் உழைத்தவர்களுக்குத் தலைமைக் குழு கொடுக்கும் கௌரவம், பத்ம விருது மாதிரி. ஆனால் அந்த எண்மீது அவர்களுக்கே ஒரு மோகம் உண்டு. வாஷிங்டனில் 1915-இல் கட்டி முடித்த ஸ்காட்டிஷ் ரைட் தலைமையகத்தைச் சுற்றி 33 தூண்கள், ஒவ்வொன்றும் 33 அடி உயரம்.

படி 4: இடதுபக்கம் மூன்று சின்ன அறைகள்

இது யார்க் ரைட். எண்கள் கிடையாது, பெயர்கள் மட்டுமே. ராயல் ஆர்ச் சாப்டர், கிரிப்டிக் கவுன்சில், நைட்ஸ் டெம்ப்ளர் கமாண்டரி என மூன்று தனித்தனி அமைப்புகளைச் சேர்த்துக் கட்டிய மூட்டை. ஹிராமோடு தொலைந்த சொல் ராயல் ஆர்ச்சில் திரும்பக் கிடைக்கிறது, அதனால்தான் அந்த 1813 வால். கமாண்டரியில் சேர கிறிஸ்தவ நம்பிக்கை வேண்டும். லாட்ஜில் சேரக் கடவுள் நம்பிக்கை இருந்தால் போதும்.

படி 5: சுற்றிலும் புள்ளிக்கோட்டு வட்டங்கள்

இவை உறவுக்கார அமைப்புகள். சிவப்புத் துருக்கித் தொப்பி போட்ட ஷ்ரைனர்கள் 1870-களில் நியூயார்க்கில் கூத்தும் கேளிக்கையுமாகத் தொடங்கி, 1922 முதல் குழந்தைகள் மருத்துவமனைகள் நடத்துகிறார்கள். 2000 வரை, வலது அறையையோ இடது அறையையோ முடித்தவர்தான் ஷ்ரைனர் ஆகலாம். இப்போது மாஸ்டர் மேசனாக இருந்தால் போதும். ஈஸ்டர்ன் ஸ்டாரில் பெண்களும் உண்டு. பையன்களுக்கு டிமோலே, பெண்பிள்ளைகளுக்கு ரெயின்போவும் ஜாப்ஸ் டாட்டர்ஸும்.

படி 6: நாடு மாறினால் ரப்பரை எடுங்கள்

இதுவரை வரைந்தது அமெரிக்கப் படம். இங்கிலாந்தில் யார்க் ரைட் என்ற மூட்டையே இல்லை; அந்த மூட்டைக்குள் இருக்கும் மார்க் மேசன் என்ற டிகிரிக்கு அங்கே 1856 முதல் தனி கிராண்ட் லாட்ஜ். ஸ்காட்டிஷ் ரைட்டை அங்கே ரோஸ் க்ருவா என்பார்கள். 4 முதல் 17 வரை பேருக்குக் கொடுத்துவிட்டு 18-ஐ முழுச் சடங்காக நடத்துவார்கள்.

இன்னொரு விதிவிலக்கு நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அடையாறு பிரம்மஞான சபையின் தலைவராக இருந்த அன்னி பெசன்ட், ஆண்-பெண் இருவரையும் சேர்க்கும் கோ-மேசனரியின் முக்கியத் தலைவர். 1893-இல் பாரிஸில் பிறந்த அந்த அமைப்பில் 1 முதல் 33 வரை ஒரே தலைமையின் கீழ் ஒரே ஏணி. அங்கே மட்டும் நம் 33 மாடிக் கற்பனை ஓரளவு பொருந்தும். ஆனால் இங்கிலாந்தின் கிராண்ட் லாட்ஜும் அதை ஒட்டியவையும் அவர்களை முறையான மேசன்களாக ஏற்பதில்லை.

படி 7: ஒரு மோதிரத்தில் சோதித்துப் பாருங்கள்

அமெரிக்காவில் ஒரு பழைய பொருள் கடையில் இரட்டைத் தலைக் கழுகு பொறித்த மோதிரம் கிடைக்கிறது, நடுவில் 32. தாளைப் பாருங்கள். இரட்டைத் தலைக் கழுகு என்றால் வலதுபக்க அறை. அங்கே நுழைந்தவர் மூன்று பெட்டிகளையும் முடித்திருக்க வேண்டும். கூடவே 1950-களில் சிவப்புத் தொப்பியோடு எடுத்த படமும் இருந்தால், அவர் ஷ்ரைனரும்கூட. கவராயமும் மூலைமட்டமும் மட்டும் இருந்தால் நடுப் பெட்டிகளைத் தாண்டி எதையும் ஊகிக்காதீர்கள். ஒரு முனை கீழே பார்க்கும் ஐந்து நிற நட்சத்திரம் என்றால் ஈஸ்டர்ன் ஸ்டார்; அணிந்தவர் பெண்ணாகவும் இருக்கலாம்.

சரி, அந்த 32 மோதிரக்காரர் தன் ஊர் லாட்ஜுக்குப் போகிறார். தலைவர் நாற்காலியில் மூன்று டிகிரி மட்டுமே வாங்கிய ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் சுத்தியலை மூன்று முறை தட்டினால், எல்லோரோடும் சேர்ந்து இவரும் எழுந்து நிற்க வேண்டியதுதான்.